கப்பலில் போய்க் கடலில் முக்குளிக்கலாமா?

கீழ்பென்னாத்தூரில் கடல் இல்லை. ஏரி இருக்கிறது. கிணறுகள் இருக்கின்றன. கடலைப் பார்க்க வேண்டும் என்றால் செஞ்சி, திண்டிவனம் தாண்டிப் போக வேண்டும். மரக்காணத்திலோ புதுச்சேரியிலோதான் அலையில் கால் நனைக்கலாம்.

அப்படிப்பட்ட ஊரிலும் இப்பொழுது கப்பல் பயணப் பேச்சு அடிபடுகிறது. காரணம் இருக்கிறது. 2022-ம் ஆண்டு ஜூன் மாதம் "எம்பிரஸ்" என்ற உல்லாசக் கப்பல் சென்னைத் துறைமுகத்தில் இருந்து புறப்பட்டது. முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் கொடி அசைத்து அனுப்பி வைத்தார். அடுத்த ஆண்டு, 2023 ஜூன் 5-ந் தேதி, அதே கப்பல் இலங்கைக்கும் கிளம்பியது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய மூன்று துறைமுகங்கள் அந்தப் பயணத்தில் இருந்தன.

கப்பல் பயணம் என்றால் முன்பு பிழைப்புத் தேடிப் போகிறவர்களின் பயணம். ரங்கூனுக்கும் பினாங்குக்கும் மூட்டை முடிச்சோடு போனார்கள். இப்பொழுது குடும்பத்தோடு நாலு நாள் இருந்துவிட்டு வரலாம் என்று போகிறார்கள். சீட்டுப் பணம் எடுத்தவர், புதிதாகக் கல்யாணம் ஆனவர், மகனுக்கு வேலை கிடைத்த மகிழ்ச்சியில் இருக்கும் தாய் தந்தையர் என்று பலரும் விலை விசாரிக்கிறார்கள்.

இப்படிப்பட்ட சுற்றுலாக்களில், கப்பல் கரையில் நிற்கும் நாளில் பொழுதுபோக்குக்குப் பல வழிகள் உண்டு. அவற்றுள் ஒன்றுதான் "ஸ்கூபா". கடலுக்கு அடியில் இறங்கி மீனும் பவளப்பாறையும் பார்ப்பது. "முன் அனுபவம் வேண்டாம். நீச்சல் தெரிய வேண்டாம். அரை மணி நேரம் சொல்லிக் கொடுத்து இறக்கிவிடுவோம்" என்கிறார்கள்.

இறங்கலாமா? இறங்கலாம். பயப்பட வேண்டியது கடலுக்கு அல்ல. அவசரத்துக்கும் கூச்சத்துக்கும்தான் பயப்பட வேண்டும்.

முதுகில் என்ன?

ஸ்கூபா என்பது தண்ணீருக்குள் மூச்சு விடும் கருவி. பிரான்சு நாட்டில் கூஸ்டோ என்ற கடற்படை அதிகாரியும், கான்யான் என்ற என்ஜினீயரும் சேர்ந்து 1943-ம் ஆண்டில் உருவாக்கிய கருவிதான் இன்றைய கருவிகளுக்கு எல்லாம் மூத்தது.

முதுகில் ஒரு சிலிண்டர். அதில் இருந்து ஒரு குழாய் வாய்க்கு வருகிறது. கண்ணையும் மூக்கையும் மூடி ஒரு கண்ணாடி. காலில் தவளைப் பாதம் போன்ற ரப்பர் செருப்பு. சிலிண்டரில் இருப்பது "ஆக்சிஜன்" என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. இந்த விளையாட்டுக்கு அதில் இருப்பது சாதாரணக் காற்றுதான். அழுத்தி அடைத்திருக்கிறார்கள், அவ்வளவே.

புதியவர்களைப் பொதுவாக 12 மீட்டருக்குக் கீழே கொண்டு போவதில்லை. ஏறத்தாழ 40 அடி. பத்து வயது நிரம்பாத குழந்தைகளைக் கடலில் இறக்குவது இல்லை. கூடவே பயிற்சியாளர் வருவார்.

40 அடி என்றதும் கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து இளைஞர்கள் சிரிப்பார்கள். "எங்கள் கிணறே அந்த ஆழம் இருக்குமே!" என்பார்கள். உண்மைதான். ஆனால் இங்கேதான் ஒரு வேடிக்கை இருக்கிறது.

கிணற்று வீரனுக்கு ஒரு சங்கதி

கிணற்றில் நீச்சல் பழகிய பையன்களுக்கு ஒரு பந்தயம் உண்டு. மேட்டில் இருந்து குதிக்க வேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டு அடிவரை போக வேண்டும். ஒரு பிடி சேற்றை அள்ளிக்கொண்டு மேலே வந்து காட்ட வேண்டும். சேறு கொண்டு வந்தவன் சூரன். மூச்சை எவ்வளவு நேரம் அடக்குகிறானோ அவ்வளவுக்கு அவன் சூரன்.

ஸ்கூபாவில் அந்தச் சூரத்தனம் கூடாது. அங்கே முதல் பாடமே, "மூச்சை அடக்காதே" என்பதுதான்!

ஏன் அப்படி? ஒரு பலூனை நினைத்துக்கொள்ளுங்கள். தரையில் ஊதிய பலூனைத் தண்ணீருக்குள் 10 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டு போனால், தண்ணீரின் அழுத்தத்தில் அது பாதியாகச் சுருங்கிவிடும். மேலே கொண்டு வந்தால் பழைய அளவுக்கு வரும். கிணற்றில் மூழ்குகிறவனின் நுரையீரலும் இப்படித்தான். மேலே இழுத்த காற்று கீழே சுருங்குகிறது. திரும்பி வரும்போது பழையபடி ஆகிறது. கெடுதல் இல்லை.

ஸ்கூபாவில் நிலைமை வேறு. அங்கே பத்து மீட்டர் ஆழத்தில் வைத்தே மனிதன் நெஞ்சு நிறையக் காற்றை இழுக்கிறான். பலூனைக் கீழே வைத்து ஊதுவது போல. அந்த மூச்சை அடக்கிக்கொண்டு சட்டென்று மேலே வந்தால் என்ன ஆகும்? காற்று இரண்டு மடங்கு ஆகும். பலூன் வெடிக்கும். நுரையீரல் கிழிந்துவிடும். உயிருக்கே உலை வைக்கும்.

ஆழம் கொஞ்சம்தானே என்று அலட்சியமாக இருப்பதற்கும் இடம் இல்லை. கடைசிச் சில மீட்டரில்தான் காற்று அதிகமாக விரிகிறது. இரண்டு ஆள் ஆழத்தில் இருந்து பயந்து மேலே பாய்ந்தவர்களுக்கும் தீங்கு நேர்வது உண்டு.

ஆகவே நீச்சலே தெரியாதவரைவிட, கிணற்றில் பழகியவர்தான் இந்த ஒரு விஷயத்தில் அதிகம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். தண்ணீரில் தலை நுழைந்தவுடன் மூச்சை அடக்குவது அவருக்கு ஊறிப்போன பழக்கம். பயிற்சியாளரிடம் முதலிலேயே, "நான் கிணற்றில் முக்குளித்துப் பழகியவன்" என்று சொல்லிவிடுவது நல்லது. அவர் அதற்கு ஏற்றாற்போல் சொல்லிக் கொடுப்பார்.

கிணற்றுக்காரருக்கு ஒரு லாபமும் உண்டு. அடியில் காது வலிக்கும் என்பது அவருக்குத் தெரியும். கடலிலும் அதே வலிதான். மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாயை மூடி, மெதுவாக ஊதினால் காது "பட்" என்று திறக்கும். வலி வந்த பிறகு அல்ல, வருவதற்கு முன்பே, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும்போதே ஊத வேண்டும். ஜலதோஷம் பிடித்திருந்தால் காது திறக்காது. பலவந்தமாக ஊதினால் செவிப்பறை கிழிந்துவிடலாம். ஜலதோஷக்காரர் அன்றைக்குக் கரையில் உட்கார்ந்திருப்பதே சரி.

கட்டை விரல் கலாட்டா

தண்ணீருக்குள் பேச முடியாது. கைச் சாடைதான் மொழி. இதில் ஒரு சாடை ஊர்க்காரர்களைக் குழப்பும்.

கட்டை விரலை உயர்த்திக் காட்டினால் ஊரில் "பிரமாதம்" என்று பொருள். படம் பிடிக்கும்போது எல்லோரும் அப்படித்தான் காட்டுகிறார்கள். கடலுக்குள் அதற்குப் பொருள் வேறு. "என்னை மேலே கொண்டு போ" என்று அர்த்தம்! கேமராவைப் பார்த்துக் கட்டை விரலைத் தூக்கிய மாப்பிள்ளையைப் பயிற்சியாளர் மேலே கொண்டு வந்துவிட்டால் அவர் மேல் கோபப்பட்டுப் பயன் இல்லை. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து வட்டமாகக் காட்டினால்தான் "நலமாக இருக்கிறேன்" என்று பொருள்.

கப்பல் காத்திருக்காது

இதுவரை சொன்னவை எல்லாம் பயிற்சியாளர்கள் சொல்லிக் கொடுப்பவைதான். சொல்லிக் கொடுப்பதைக் கேட்டு நடந்தால் பெரும்பாலானோர் பத்திரமாகப் போய் வருகிறார்கள். சங்கடம் வருவது கடிகாரத்தால்.

உல்லாசக் கப்பல் காலையில் துறைமுகத்துக்கு வரும். மாலைக்குள் எல்லோரும் திரும்பி ஏறிவிட வேண்டும். இடையில் இருப்பது ஒரு பகல் பொழுது. அதிலும் கப்பலை விட்டு இறங்க ஒரு வரிசை. வெளிநாடு என்றால் பாஸ்போர்ட் பார்க்க ஒரு வரிசை. பஸ்சில் கடற்கரைக்கு ஒரு மணி நேரம். பிறகு ஆளுக்கு ஆள் செருப்பு அளவு, உடை அளவு பார்க்க வேண்டும். பாடம் சொல்ல வேண்டும். படகில் போக வேண்டும். திரும்பும் நேரத்தையும் கழித்துப் பார்த்தால் பாடத்துக்கு எவ்வளவு நேரம் மிஞ்சும்?

"நேரம் ஆகிவிட்டது, சீக்கிரம்" என்ற வார்த்தை எங்கே வந்தாலும் அங்கே பாடம்தான் முதலில் சுருங்குகிறது. காது திறக்க நேரம் வேண்டும். பயம் தெளிய நேரம் வேண்டும். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, தலையை உள்ளே விட்டு, வாயால் பத்து மூச்சு விட்டுப் பார்க்க நேரம் வேண்டும். இந்தப் பழக்கத்தைச் செய்யாமல் நேரே ஆழத்துக்கு அழைத்துப் போகிறவர் யாராக இருந்தாலும், "வேண்டாம் அய்யா" என்று சொல்லிவிட வேண்டும்.

கப்பலில் இரவு மது கிடைக்கும். விருந்து உண்டு, ஆட்டம் உண்டு. இரவு குடித்துவிட்டுக் காலையில் முக்குளிக்கப் போவது மடத்தனம். குடிக்காதவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கப்பல் ஆட்டத்துக்கு வாந்தி வராமல் இருக்கப் போடும் மாத்திரைகளில் பல தூக்கத்தைக் கொடுப்பவை. போட்டிருந்தால் பயிற்சியாளரிடம் சொல்ல வேண்டும்.

கையெழுத்துப் போடும் முன்பு

இறங்கும் முன்பு ஒரு பாரத்தை நீட்டுவார்கள். பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். ஆஸ்துமா உண்டா? வலிப்பு உண்டா? இருதய நோய் உண்டா? காதில் ஆபரேஷன் நடந்ததா? அண்மையில் வேறு ஆபரேஷன் உண்டா? கர்ப்பமா? இப்படிக் கேள்விகள். அடியில் கையெழுத்து.

இந்தப் பாரத்தில்தான் பல குடும்பங்கள் தவறு செய்கின்றன. கேள்வி என்ன என்று பார்ப்பதே இல்லை. வரிசையாக "இல்லை, இல்லை" என்று கோடு இழுத்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார்கள். "உண்டு" என்று எழுதினால் டாக்டர் சீட்டுக் கேட்பார்கள். நடுவழியில் டாக்டருக்கு எங்கே போவது? கட்டிய பணம் போய்விடுமே! இதுதான் நினைப்பு.

சிறு வயதில் இழுப்பு இருந்தது, இப்பொழுது இல்லை என்று ஒருவர் மறைக்கிறார். இழுப்பு உள்ளவர்களின் நுரையீரலில் காற்று சிக்கிக்கொள்ளலாம். மேலே வரும்போது சிக்கிய காற்று விரியும். பலூன் கதைதான். வலிப்பு உள்ளவர் கரையில் விழுந்தால் பக்கத்தில் இருப்பவர் தாங்கிப் பிடிப்பார். கடலடியில் வலிப்பு வந்தால் வாய்க்குழாய் நழுவும். அப்புறம் என்ன மிச்சம்?

பெண்கள் பாடு இன்னும் சங்கடம். கல்யாணம் ஆகி இரண்டு மாதம். நாள் தள்ளிப் போயிருக்கிறது. மாமியாரும் நாத்தனாரும் பக்கத்தில் நிற்கிறார்கள். அந்த நேரத்தில் "கர்ப்பமா?" என்ற கேள்விக்கு ஒரு பெண் எப்படி வாயைத் திறப்பாள்? கர்ப்பிணிகள் ஸ்கூபா செய்யவே கூடாது என்பது விதி. சந்தேகம் இருந்தாலும் கூடாது. "இன்றைக்கு எனக்கு மனமில்லை" என்று அவள் சொன்னால் கணவன் அதோடு விட்டுவிட வேண்டும். காரணம் கேட்டுக் குடையக் கூடாது.

"இவ்வளவு பணம் கட்டியிருக்கிறேன், பயந்து சாகிறாயே!" என்று மனைவியைக் கடிந்துகொள்ளும் ஆண்கள் இருக்கிறார்கள். இது வீரம் அல்ல. பயந்து நடுங்குகிறவர் தண்ணீருக்குள் போனால் முதலில் செய்யும் காரியம் என்ன? மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பாய்வதுதான். எதைச் செய்யக் கூடாதோ அதையே செய்வார். ஆகவே "வேண்டாம்" என்று சொல்கிறவரைத் தள்ளிவிடுவது, பாழுங்கிணற்றில் தள்ளுவதற்குச் சமம்.

பணத்துக்கும் வழி இருக்கிறது. கடைசி நிமிடத்தில் பின்வாங்கினால் பணம் திரும்பக் கிடைக்குமா என்று, சீட்டு வாங்கும்போதே கேட்டுவிட வேண்டும். பாரத்தையும் ஊரிலேயே வாங்கிப் பார்க்கலாம். கேள்விகளைத் தமிழில் வாசித்துச் சொல்லச் சொல்லலாம். கீழ்பென்னாத்தூரிலோ திருவண்ணாமலையிலோ டாக்டரிடம் காட்டிச் சீட்டு வாங்கிக்கொண்டால் கப்பலில் மறைக்க வேண்டிய தேவையே இல்லை. பிள்ளைகள் படித்திருக்கிறார்கள். அம்மாவுக்குப் பாரத்தைப் படித்துச் சொல்லக் கூடாதா?

கயிறு யார் கையில்?

தூத்துக்குடிக் கடலில் ஒரு காலத்தில் முத்துக் குளித்தார்கள். 1961-ம் ஆண்டோடு பெரிய முத்துக் குளிப்பு அங்கே முடிந்துபோயிற்று. குளிகாரருக்கு சிலிண்டர் கிடையாது. காலில் கல்லைக் கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி இறங்குவார். இடுப்புக் கயிற்றைப் படகில் ஒருவர் பிடித்திருப்பார். கயிற்றை ஆட்டியவுடன் மேலே இழுக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் கீழே இருப்பவரின் கதை முடிந்தது.

அந்தக் கயிற்றை மனைவியின் அண்ணன் தம்பிதான் பிடிப்பார் என்று சொல்வது வழக்கம். வேறு யாரையும் நம்ப மாட்டார்களாம். தங்கச்சியின் தாலி தன் கையில் இருக்கிறது என்றால் எந்த மைத்துனன் அசருவான்?

ஸ்கூபாவில் கயிறு இல்லை. பயிற்சியாளர்தான் மைத்துனன். ஆகையால் அவரிடம் ஒரு கேள்வி கேட்டே ஆக வேண்டும். "உங்களோடு எத்தனை பேர் இறங்குகிறோம்?" என்பது அந்தக் கேள்வி. முதல் தடவை இறங்குகிறவருக்கு ஒருவருக்கு ஒருவர் என்பதே உத்தமம். இரண்டு பேர் என்றாலும் பொறுத்துக்கொள்ளலாம். கூட்டமாகச் சேர்த்து இறக்கினால், ஒருவரைப் பார்க்கும்போது இன்னொருவர் பின்னால் போய்விடுவார்.

கடலுக்குள் கோவில்

இவ்வளவு சொன்ன பிறகு, "அப்படியானால் போகவே வேண்டாம்" என்று சிலர் முடிவு கட்டலாம். அதுவும் சரியல்ல. கடலுக்கு அடியில் இருப்பதைப் பார்த்தவர்கள் அதை மறப்பதில்லை.

திருகோணமலையையே எடுத்துக்கொள்ளுங்கள். திருவண்ணாமலைப் பக்கத்துச் சிவ பக்தர்களுக்குக் கோணேசுவரம் தெரியாத பெயர் அல்ல. ஞானசம்பந்தர் பாடிய தலம். பழைய கோவிலைப் போர்ச்சுக்கீசியர்கள் 17-ம் நூற்றாண்டில் இடித்துத் தள்ளினார்கள். கற்கள் பாறை உச்சியில் இருந்து கடலில் விழுந்தன. முன்னூறு ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே கிடந்தன.

1956-ம் ஆண்டில் இரண்டு ஆங்கிலேயர் ஸ்கூபா கருவியோடு அந்தக் கடலில் இறங்கினார்கள். ஒருவர் மைக் வில்சன். இன்னொருவர் ஆர்தர் சி. கிளார்க். விண்வெளிக் கதைகள் எழுதி உலகப் புகழ் பெற்றவர் அவர். கடல் மேல் உள்ள ஆசையாலேயே இலங்கையில் குடியேறினார். தூண்களும் செதுக்கிய கற்களும் கடலடியில் கிடப்பதை அவர்கள் கண்டார்கள். காற்று நிரப்பிய ஒரு சிலிண்டர்தான் அந்தக் கோவிலை மறுபடியும் உலகுக்குக் காட்டியது.

திருகோணமலைக்கு வடக்கே நிலாவெளி. அதன் எதிரே புறாத்தீவு. 2003-ம் ஆண்டு முதல் அது தேசியப் பூங்கா. பவளப்பாறையும் வண்ண மீன்களும் உண்டு. மே முதல் செப்டம்பர் வரை அந்தக் கடல் அமைதியாக இருக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடல் கலங்கிவிடும். அப்பொழுது இறங்கினாலும் ஒன்றும் தெரியாது. இங்கே இன்னொரு வசதி, பலர் தமிழ் பேசுகிறவர்கள். "எனக்குப் புரியவில்லை, மறுபடியும் சொல்லுங்கள்" என்று தாய்மொழியிலேயே கேட்கலாம். புரியாமல் தலையாட்ட வேண்டிய கட்டாயம் இல்லை.

பவளப்பாறையைத் தொடக் கூடாது. பார்வைக்குக் கல் போல இருந்தாலும் அது உயிருள்ளது. மிதித்தால் செத்துவிடும். கையிலும் கிழிக்கும்.

இறங்க மனமில்லாத பாட்டிமார்கள் கோணேசுவரரைத் தரிசித்துவிட்டு, அந்தப் பாறை உச்சியில் இருந்து கடலைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அதற்குப் பாரமும் வேண்டாம், டாக்டர் சீட்டும் வேண்டாம்.

மகளுக்கும் நீச்சல்

நீச்சல் தெரியாதவர்களையும் ஸ்கூபாவில் இறக்குகிறார்கள் என்பது மெய். அதனால் நீச்சல் வேண்டாம் என்று ஆகிவிடாது. தண்ணீரில் மிதந்து பழகியவருக்கு முகத்தில் தண்ணீர் பட்டால் பதற்றம் வராது. முகக் கண்ணாடிக்குள் கொஞ்சம் தண்ணீர் புகுந்தாலும் அவர் நிதானமாக இருப்பார்.

கிராமத்தில் பையன்கள் கிணற்றில் கற்றுக்கொள்கிறார்கள். முதுகில் சுரைக்குடுக்கை கட்டிப் பழகியது அந்தக் காலம். இப்பொழுது பிளாஸ்டிக் கேன். அப்பா கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே நிற்பார். பெண் பிள்ளைகளோ மேட்டில் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். அதே பெண்ணைத்தான் இருபது வருடம் கழித்துக் கணவன் கடலுக்குள் இறங்கச் சொல்கிறான்! மகனுக்குக் கட்டிய கேனை மகளுக்கும் கட்டினால் என்ன? அம்மாவும் அத்தையும் காவலுக்கு நின்றால் ஊர் என்ன சொல்லிவிடப் போகிறது? ஏரியிலும் குட்டையிலும் ஆண்டுதோறும் குழந்தைகள் மூழ்கி இறக்கும் செய்தி வருகிறது. கப்பலில் ஏறாதவளுக்கும் நீச்சல் வேண்டும்.

ஆசை இருந்தும் கப்பலின் அவசரம் பிடிக்காதவர்களுக்குப் புதுச்சேரி இருக்கிறது. அங்கே ஸ்கூபா பயிற்சிக் கூடங்கள் உண்டு. கீழ்பென்னாத்தூரில் இருந்து பஸ்சில் போய்விடலாம். முதல் நாள் நீச்சல் குளத்தில் கருவியோடு பழகிப் பார்க்கலாம். பிடித்திருந்தால் மறுநாள் கடல். பிடிக்கவில்லை என்றால் கடற்கரையில் சுண்டல் வாங்கித் தின்றுவிட்டு ஊர் திரும்பலாம். கூப்பிடக் கப்பல் சங்கு இல்லை.

அந்தமானுக்கு விமானத்தில் போகிறவர்கள் ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ள வேண்டும். முக்குளித்த பிறகு உடம்பில் நைட்ரஜன் தங்கியிருக்கும். உடனே உயரே பறந்தால் அது குமிழ்களாகி மூட்டுகளிலும் நரம்புகளிலும் வேதனை கொடுக்கும். ஒரு தடவை இறங்கியவர் 12 மணி நேரமாவது விமானம் ஏறக் கூடாது. பல தடவை இறங்கியவருக்கு 18 மணி நேரம். ஆகவே ஊர் திரும்பும் நாளுக்கு முதல் நாள் காலையிலேயே முக்குளிப்பை முடித்துக்கொள்ள வேண்டும்.